தொண்டூர் ஹால்ட் வண்டி

1963 மார்ச் 18, திங்கள்

காலையிலேயே வெயில். செஞ்சி ராஜகிரி மேல் ஒரு பொட்டு மேகம் இல்லை. பஸ் ஷெட்டுக்குப் போனது, நின்றது, திரும்பியது. டூட்டி இல்லை.

ஸ்பேர் கண்டக்டர் பிழைப்பு இதுதான். விடியுமுன் காக்கியை மாட்டி, பேட்ஜைக் குத்திக்கொண்டு ஷெட் வாசலில் நிற்க வேண்டும். கண்டக்டர் யாராவது வராவிட்டால் அவர் பையும் விசிலும் நமக்கு. எல்லாரும் வந்துவிட்டால் நாம் வீட்டுக்கு. கையில் லைசென்ஸ் இருக்கிறது, வண்டிதான் இல்லை.

இன்றைய நிலவரம்: திண்டிவனம் வண்டிக்காரருக்கு இருமல், ஆனால் இருமிக்கொண்டே வந்துவிட்டார். திருவண்ணாமலை வண்டிக்காரர் வீட்டில் கல்யாணம் வைகாசியில்தான். விழுப்புரம் வண்டிக்காரர் கருங்கல் மாதிரி இருக்கிறார். அடுத்தவன் உடம்பைப் பார்த்து ஏக்கப்படுகிற புத்தி எனக்கு எப்போது வந்தது.

இன்னொரு ஸ்பேர் ஏழுமலையும் நின்றான். இருவரும் ஒரு பீடியைப் பாதி பாதியாகக் குடித்தோம். அவனுக்கும் டூட்டி இல்லை என்பதில் கொஞ்சம் நிம்மதி. சீ.

மத்தியானம் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் படுத்துப் பார்த்தேன். தூக்கம் இல்லை. எழுந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அங்கே ஒரு வேலையும் இல்லை. திரும்பி வந்தேன். மறுபடி போனேன்.

மார்ச் 19, செவ்வாய்

சூசையப்பர் திருநாள். என் பெயர்கொண்ட புனிதர். காலைப் பூசைக்குப் போனேன். தச்சு வேலைக்காரர், அவருக்காவது சொந்தப் பட்டறை இருந்தது என்று பூசை நடுவில் நினைத்தேன்.

மச்சான் அந்தோணி ஊரிலிருந்து வந்தான். வாழைப்பழம் கொண்டுவந்தான். ரோசலி நலம். குழந்தை குப்புற விழுகிறதாம். பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள், போன ஐப்பசியில். நான் குழந்தையைப் பார்த்தது இரண்டே தடவை. அனுப்பச் சொல்லிக் கேட்டால் மாமனாரிடம் ஒரே பதில். அந்தோணி தலையைக் குனிந்துகொண்டு அதைச் சொன்னான்.

"நைனா இன்னா சொல்றாருன்னா, வேல பர்மனன்ட் ஆவட்டும், ஒரு வாடக ஊடு பாக்கட்டும், அப்புறம் அனுப்பறோம்னு. இல்லன்னா மெட்ராஸ்ல மில்லு ஒண்ணுல வாட்ச்மேன் வேல இருக்குதாம். ஈஸ்டருக்குள்ள சொல்லச் சொன்னாரு."

வாட்ச்மேன். ஒரே கேட். ஒரே நாற்காலி. ராத்திரி முழுக்க அசையாமல் உட்காருவது. யோசிக்கும்போதே கால் அரிக்கிறது.

மார்ச் 20, புதன்

டூட்டி இல்லை. பொழுது போகாமல், பஸ் தொழிலில் என்னென்ன வேலை உண்டு, எனக்கு எது ஆகும் என்று எழுதிப் பார்த்தேன்.

கிளீனர்: எல்லாருக்கும் முன்னால் எழுந்து, எல்லாருக்கும் பின்னால் தூங்குவது. வயது தாண்டிவிட்டது.

ஃபிட்டர்: மரியாதை உண்டு. கை என்றைக்கும் கருப்பு. ரோசலி தொட விடமாட்டாள்.

டிரைவர்: ராஜா. ஆனால் எதிரே லாரி வந்தால் கண்ணை மூடிக்கொள்பவன் நான்.

டைம் கீப்பர்: ஸ்டாண்டில் மேசை, நாற்காலி, கடிகாரம். வண்டி லேட் என்றால் எல்லாரும் அவரைத் திட்டுவார்கள், அவர் கடிகாரத்தைத் திட்டுவார்.

செக்கிங் இன்ஸ்பெக்டர்: எவருக்கும் பிடிக்காது. டீ மட்டும் எல்லாரும் வாங்கிக் கொடுப்பார்கள்.

மேனேஜர்: முதலாளிக்கு மச்சானாகப் பிறந்திருக்க வேண்டும்.

கண்டக்டர்: நின்றபடியே ஊர் ஊராகப் போகலாம். நாள் முழுக்க மனித முகம். எனக்கு வேண்டியது இதுதான். வேறொன்றும் வேண்டாம். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள், கலெக்டர் வேலைக்கு ஆசைப்பட்டாலாவது மதிப்பார்கள்.

மார்ச் 21, வியாழன்

மேனேஜர் கூப்பிட்டார். (இனி மே.)

கம்பெனிக்குத் தொண்டூர் ரூட் பர்மிட் கிடைத்துவிட்டது. சாயங்காலம் செஞ்சியிலிருந்து போகிற கடைசி வண்டி ராத்திரி அங்கேயே தங்கும், அதுதான் ஹால்ட். விடிந்ததும் முதல் வண்டியாக ஊர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு வரும். டிரைவர் மாணிக்கம் அண்ணன். கண்டக்டர் நான்.

"ஈஸ்டர் வரைக்கும் பாப்பம். சரியா வந்துதுன்னா பர்மனன்ட். ஊர்க்காரங்க சாப்பாடு போடறன்னு ஒத்துக்கினு இருக்காங்க, ஒரு நாளைக்கு ஒரு ஊடு. அவங்க மனசு கோணாம நடந்துக்கோ. அவங்க வேணான்னா ஹால்ட் கெடயாது, ஹால்ட் இல்லன்னா உனக்கு வேலயும் கெடயாது."

வெளியே வந்ததும் ஏழுமலை கையைப் பிடித்துக் குலுக்கினான். கை மட்டும்தான் குலுங்கியது, முகம் அசையவில்லை. பாவம். சந்தோஷத்தில் எனக்கு அவனைப் பார்க்க நேரமில்லை.

காக்கியை நானே துவைத்தேன். காய்வதற்குள் போய்ப் போய்த் தொட்டுப் பார்த்தேன். அண்ணி சிரித்தாள்.

மார்ச் 22, வெள்ளி

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும். பஸ் உள்ளேயே உட்கார்ந்து, உள்விளக்கைப் போட்டு எழுதுகிறேன். பேட்டரி போகுது என்று மாணிக்கம் அண்ணன் முனகுகிறார்.

தொண்டூரில் மேளம். வண்டிக்கு மாலை, ஆரத்தி. பெண்கள் டயரைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு கிழவர் நேராக ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றார். நல்ல வரவேற்பு.

முதல் நாள் சாப்பாட்டு முறை, ஊர்ப் பெரியவர் முனுசாமி வீட்டில். போகும்போது அவர் என்னைக் கேட்காமல் மாணிக்கம் அண்ணனைக் கேட்டார், "கண்டக்டரு வேதக்காரரு சரி, வேதத்துல எந்தத் தெரு?" அண்ணன், "எல்லாம் நம்ம தெருதான், சோத்தப் போடுங்க" என்றார். கிறிஸ்தவன் சரி, சாதி என்ன என்கிறார். என்னைப் பற்றிய கேள்வி, பக்கத்திலேயே நான். என்னமோ போல் இருந்தது.

முனுசாமி சம்சாரம் கன்னியம்மா. நாற்பது வயதிருக்கும். வாய் ஓயாத அம்மாள். இலை போட்டாள். சோறு. பிறகு ஒரு சட்டியைக் கொண்டுவந்தாள். கோழிக் குழம்பு.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை. சுத்தபோசனம். கறி வாசனைகூட ஆகாத நாள். நான் காலையிலிருந்து ஒருசந்தி வேறு, ஒரு வேளைச் சாப்பாடு, அது இதுதான்.

"வேதக்காரங்க கவிச்சி இல்லாம சாப்புட மாட்டாங்களாமே. எங்க ஊட்டுல வெள்ளிக்கெளம அடுப்புல கவிச்சி ஏறாது. உங்களுக்காவ வெளிய கல்லு கூட்டி வச்சன். முட்டை உடற கோளி தம்பி, பரவால்லன்னு அடிச்சிட்டன்."

மாணிக்கம் அண்ணன் கையைக் குறுக்கே நீட்டிவிட்டார். "எனக்கு வாணாம் தாயீ, வெள்ளிக்கெளம நான் தொடறதில்ல. எல்லாத்தயும் கண்டக்டருக்கே போடு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் வெள்ளிக்கிழமை கிடையாது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நாக்கு எழவில்லை. முட்டையிடுகிற கோழி. அவள் முகத்தில் அத்தனை பெருமை.

"வயிறு சரியில்லக்கா" என்றேன்.

அவள் முகம் விழுந்ததைப் பார்த்தேன். மோர் ஊற்றினாள். அதைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

வண்டிக்கு வந்ததும் மாணிக்கம் அண்ணனிடம் உண்மையைச் சொன்னேன். சீட்டில் படுத்தபடியே வண்டி குலுங்கச் சிரித்தார். "அடப்பாவி. ஆக்கினவளுக்கு வெள்ளிக்கெளம, ஊட்டுக்காரனுக்கு வெள்ளிக்கெளம, எனக்கு, உனக்கு. ஒருத்தருக்கும் ஆவாத கோளி ஒண்ணு செத்துச்சு. காலயில போயி சொல்லிட்றா."

சொல்லமாட்டேன். சொன்னால் இன்னும் வருத்தப்படுவாள். நாளைக்கு வேறு வீடு. தானாக மறந்துவிடும்.

மார்ச் 24, ஞாயிறு

மறக்கவில்லை.

கண்டக்டருக்கு வயிறு சரியில்லை என்பது ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. நேற்று முறைவீட்டில் எனக்குக் கஞ்சி. மாணிக்கம் அண்ணனுக்குக் கத்திரிக்காய்க் குழம்பு, அப்பளம், தயிர். இன்றைக்கும் கஞ்சி. தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாய், அதையும் ஒரு கிழவி, "ஊறுகா வாணாம், வயித்தப் பிடுங்கும்" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

காலையில் வண்டி எடுக்கும்போது ஒருத்தி ஓமத்தண்ணீர். ஒருத்தி சுக்கு. ஒருத்தி கசப்பாக ஏதோ, பெயர் சொல்லவில்லை, குடிக்கும்வரை நகரவும் இல்லை. மூன்றும் உள்ளே. இப்போது உண்மையிலேயே வயிறு சரியில்லை.

கன்னியம்மா வண்டிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள். "தேவலயா தம்பி?" தேவலை என்றேன். நம்பவில்லை. என் குரலிலேயே தெம்பில்லை, பசி.

மற்றபடி வேலை தேன். இரண்டாம் நாளே பாதி முகங்கள் தெரிந்துவிட்டன. விசில் ஊதினால் அத்தனை பெரிய வண்டி நிற்கிறது, ஊதினால் கிளம்புகிறது. இதை வேறு யாரிடம் சொல்ல.

மார்ச் 26, செவ்வாய்

கஞ்சி.

மாணிக்கம் அண்ணன் ஒரு துணியில் நாலு இட்லி மடித்துவந்து கொடுத்தார். பஸ் பின் சீட்டில் குனிந்து உட்கார்ந்து தின்றேன். டிக்கெட் இல்லாமல் ஏறினவன் மாதிரி.

"எத்தினி நாளிக்கு ஓட்டுவ? சொல்லித் தொலயேன்."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நேற்றும் அதையே சொன்னேன்.

பகல் டிரிப் இடைவெளியில் தொண்டூர் மலைப்பக்கம் நடந்தேன். சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள். படுத்துப் பார்த்தேன். குளிர்ச்சியாக இருந்தது. பசித்த வயிற்றோடு இதில் படுத்து அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள். நான் ரோசலி வைக்கும் கருவாட்டுக் குழம்பை நினைத்தேன்.

மார்ச் 28, வியாழன்

முதல் வண்டியில் முனுசாமியும் இன்னொரு ஊர்க்காரரும் ஏறினார்கள். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு. முன்சீட்டைக் காட்டினேன்.

"எங்க கெளம்பிட்டீங்க?"

"டவுன்ல ஒரு சோலி."

இரண்டு செஞ்சி டிக்கெட் கிழித்துக் கொடுத்தேன். முனுசாமி என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது தோளைத் தட்டினார். "ஒடம்பப் பாத்துக்கோ தம்பி" என்றார். எத்தனை நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன். ரோசலியை இங்கேயே கொண்டுவந்து ஒரு வீடு பார்த்தால் என்ன என்றுகூட யோசித்தேன்.

மார்ச் 29, வெள்ளி

வேலை போயிற்று.

மே. கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இவர் யாரையும் உட்காரச் சொன்னதில்லை.

"தொண்டூர்லேந்து ரெண்டு பேரு வந்தாங்க நேத்து. உன்னப்பத்தி ஒரு கொற சொல்லல. தங்கமான புள்ளயாம். ஊருத் தண்ணி ஒத்துக்கலயாம், ஒரு வாரமா வெறுங்கஞ்சியாம். 'பெத்தவங்க பாத்தா மனசு ஆறுமாய்யா, அந்தப் புள்ளய தண்ணி ஒத்துக்கற எடமா மாத்துங்க, வேற ஆளு அனுப்புங்க, வண்டிய மட்டும் நிறுத்திடாதீங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. ஏழுமலைய போட்டுட்டன்."

அந்த இரண்டு டிக்கெட்டும் நான் கிழித்துக் கொடுத்தவை.

எல்லாவற்றையும் கொட்டினேன். கோழி, சுத்தபோசனம், வாய் வராதது, ஓமத்தண்ணீர். மே. முதலில் சிரித்தார். மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

"ஒரு பொம்பள எலையில கறி வக்கிறா. வாணாம்மான்னு சொல்ல உனக்கு வாய் வரல. நாளிக்கு படியில பத்து பேரு தொங்குவான், எறங்குன்னு எப்படிச் சொல்லுவ? டிக்கெட்டு கிழிக்கிறதுதான் கண்டக்டர் வேலன்னு நெனச்சிட்டியா? இல்லன்னு சொல்றதுதான்யா அந்த வேல. ஆமான்னு சொல்ல ஆளு எதுக்கு?"

அவர் முதலாளிக்கு மச்சான்தான். ஆனாலும் சொன்னது சரி. அதுதான் கோபம் கோபமாக வருகிறது.

மார்ச் 31, ஞாயிறு

பாவசங்கீர்த்தனம். சாமியாரிடம் சொன்னேன். பொய் சொன்னதற்கு மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார்.

"சாமி, அந்தக் கறியைத் தின்னிருந்தா?"

"அதுக்கும் அதேதான்" என்றார்.

போச்சு.

ஏப்ரல் 2, செவ்வாய்

பழையபடி ஷெட் வாசல். திண்டிவனம் வண்டிக்காரருக்கு இருமல் நின்றுவிட்டது.

அந்தோணி சந்தைக்கு வந்தவன் எட்டிப் பார்த்தான். வாட்ச்மேன் வேலைக்கு முடிவு கேட்டான். ஈஸ்டருக்குச் சொல்கிறேன் என்றேன். போகும்போது, "அக்கா உங்களக் கேட்டுக்குனே இருக்குது" என்றான். எனக்கும்தான் அவள் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

சாயங்காலம் தொண்டூர் வண்டி கிளம்பியதை டீக்கடைக்குள்ளிருந்து பார்த்தேன். ஏழுமலை படியில் நின்று ஒரு கையால் தொங்குகிறான். வண்டி முழுக்கக் கூட்டம், எல்லாரையும் ஏற்றுகிறான். விசில் சத்தம் எனக்குள் எங்கேயோ குத்தியது.

ஏப்ரல் 5, வெள்ளி

பஸ் ஸ்டாண்டில் கன்னியம்மா. வேர்க்கடலை விற்க வந்தவள், கூடையைத் தரையில் டொம்மென்று வைத்தாள். மாணிக்கம் அண்ணன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

"ஏன்யா, உங்களுக்கும் வெள்ளிக்கெளம கெடயாதாமே?"

தலையாட்டினேன்.

"எனக்குந்தான் கெடயாது. அத நான் சொன்னனே. எனக்கும் அப்டிதான்க்கான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்கா புரியாது? ஊரக் கூட்டி உன்ன அங்கேந்து அனுப்பி வச்சது எங்க ஊட்டுக்காரரு. உன் நல்லதுக்குன்னு போனாரு மனுசன். இப்ப சோறு எறங்காம குந்திக்கினு இருக்காரு. உனுக்குப் போனது வேல, எங்களுக்கு இன்னா பேரு?"

மன்னிச்சுடுங்க அக்கா என்றேன்.

"இத மட்டும் சொல்ல வாய் வருது" என்றாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரு கைப்பிடி கடலை என் கையில் வைத்துவிட்டுத்தான் போனாள்.

அன்றைக்கு அவள் மனசு நோகக்கூடாது என்றுதான் சொல்லவில்லை. உண்மையில் நோகக்கூடாது என்று நான் பார்த்தது என் மனசைத்தான். எழுதும்போது தெரிகிறது.

ஏப்ரல் 10, புதன்

செய்தி: தொண்டூர் வண்டியை நேற்று செக்கிங்கில் மறித்து ஓவர்லோடு கேஸ் போட்டுவிட்டார்கள். ஏழுமலையால் யாரையும் இறக்க முடியவில்லையாம். இன்னொரு கேஸ் விழுந்தால் ரூட்டுக்கே ஆபத்து. மே. கத்திய கத்தல் டீக்கடைவரை கேட்டது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கொஞ்சம் வந்தது.

ஏப்ரல் 12, பெரிய வெள்ளி

கோயிலில் நாள் முழுக்க. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. சிலுவைப்பாதை நடுவில் ரோட்டில் ஹாரன் கேட்டது, மாணிக்கம் அண்ணன் ஹாரன், இரண்டு சின்னது ஒரு பெரிசு. தலை தானாகத் திரும்பியது. பக்கத்தில் முழங்காலிட்டிருந்த அண்ணி கிள்ளினாள்.

வீட்டுக்கு வந்தால் ஷெட்டிலிருந்து ஆள். ஏழுமலைக்குக் கண்வலி, இரண்டு கண்ணும் மிளகாய்ப்பழம். நாளை தொண்டூர் வண்டிக்கு நான் போக வேண்டும்.

ஏப்ரல் 13, சனி

நாளைக்குச் சித்திரை வருஷப்பிறப்பு. எங்களுக்கு ஈஸ்டர். இரண்டும் ஒரே நாளில் விழுந்திருக்கிறது. செஞ்சிக் கடைத்தெருவில் கால் வைக்க இடமில்லை.

சாயங்கால வண்டி, கடைசி வண்டி. மாம்பிஞ்சு, வெல்லம், புதுத்துணி, பிள்ளை குட்டி, எல்லாம் ஏறிவிட்டது. உட்காரும் இடம் நிரம்பி, நிற்கும் இடம் நிரம்பி, படியும் நிரம்பியது. எதிரே வந்த லாரிக்காரர் மாணிக்கம் அண்ணனுக்குக் கையைத் திருப்பிக் காட்டினார். மேல்பக்கம் செக்கிங் நிற்கிறது என்று அர்த்தம். அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதிகப்படி ஆட்களை இறக்காமல் வண்டி நகரக்கூடாது. மே. ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

கடைசியில் ஏறினவர்கள் இறங்க வேண்டும். அதுதான் முறை. இரண்டு பேரைச் சொன்னேன், திட்டிக்கொண்டே இறங்கினார்கள். மூன்றாவது, படியில் ஒரு காலும் உள்ளே ஒரு காலுமாகக் கன்னியம்மா. இடுப்பில் கூடை. என்னைப் பார்த்துச் சிரித்தாள். அன்றைக்குத் திட்டினதற்குப் பிறகு முதல் சிரிப்பு.

"அக்கா, எறங்குங்க."

"தம்பி, நானு."

"தெரியுதுக்கா. எடமில்ல. எறங்குங்க."

"கடேசி வண்டியாச்சே. விடிஞ்சா வருசப்பொறப்பு."

"எறங்குங்கக்கா."

மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் சொன்னேன். அவள் உடனே இறங்கவில்லை, முதலில் கூடையை இறக்கினாள். பிறகு இறங்கி, புடவையைச் சரிசெய்துகொண்டு, வண்டியைப் பார்க்காமல் நின்றாள். விசில் கொடுத்தேன். செக்கிங்கில் வண்டியை நிறுத்திப் பார்த்தார்கள், சரியாக இருந்தது, விட்டுவிட்டார்கள்.

தொண்டூரில் முனுசாமி காத்திருந்தார். எல்லாரும் இறங்கினார்கள். அவர் இன்னும் படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அவ?"

"ஏத்த முடியல. லோடு. நான்தான் எறக்கிட்டன்."

இந்தத் தடவை வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். போய் மாட்டை அவிழ்த்துக் கட்டைவண்டியில் பூட்டிக்கொண்டு செஞ்சிப் பக்கம் கிளம்பினார். வண்டியின் அரிக்கன் விளக்கு வளைவு திரும்பும்வரை நின்று பார்த்தேன்.

இன்றைய முறைவீட்டில் சோறு போட்டார்கள். வயிறு சரியில்லை என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு தின்றேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு. உயிர்த்த ஞாயிறு

முதல் வண்டி வந்ததும் காக்கியோடேயே பூசைக்கு ஓடினேன். பாதிப் பூசைதான் கிடைத்தது.

மே. சொன்னார்: பர்மனன்ட். தொண்டூர் வண்டி இனி என்னுடையது. கையைக்கூடக் கொடுத்தார். "நேத்து பாத்தன்" என்றார், அவ்வளவுதான். அந்தோணியிடம் சொல்லி அனுப்பிவிட்டேன். ரோசலியும் குழந்தையும் வருகிற வாரம் வரலாம். வீடு பார்க்க வேண்டும். துள்ளிக் குதிக்க வேண்டிய நாள். ஷெட் வாசலில் ஏழுமலை, சிவந்த கண்ணோடு. பீடியை முழுசாக அவனே குடித்தான். அவன் என்ன பேசுவான்.

சாயங்காலம் தொண்டூர். சாப்பாட்டு முறை சுற்றிவந்து இன்றைக்கு முனுசாமி வீடு. மாணிக்கம் அண்ணன், "வாடா, போய்த்தான ஆவணும்" என்றார்.

முனுசாமி வாங்க என்றார். கன்னியம்மா கால் வீங்கியிருந்தது. கட்டைவண்டி எதிரே வருவதற்குள் பாதி வழி நடந்துவிட்டாளாம், அண்ணன் என் காதில் சொன்னார். இலை போட்டாள். சோறு, பருப்புக் குழம்பு, மாங்காய்ப் பச்சடி, வடை. ஓயாமல் பேசுகிறவள், ஒன்றும் பேசாமல் பரிமாறினாள்.

பிசைந்து ஒரு வாய் வைத்தேன். குழம்பில் உப்பு இல்லை. துளிகூட இல்லை. மாணிக்கம் அண்ணன் என்னைப் பார்த்தார், முனுசாமி தன் இலையைப் பார்த்தார். அவள் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, கொளம்புல உப்பு இல்ல" என்றேன்.

"தெரியும்" என்றாள். "கேக்கிறியான்னு பாத்தன்."

உப்புச் சட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள்.